கெசட்டில் ஏறும்வரை

சிறு விவசாயிக்கு என்ன செய்தால் நல்லது என்று யாரைக் கேட்டாலும் கடன் தள்ளுபடி, மானியம், நல்ல விலை என்று வரிசையாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் சட்டம் என்பேன். "சட்டத்தை வச்சு என்ன தாத்தா பண்றது, உலையில போட முடியுமா?" என்று எங்கள் தெருப் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். காவிரிக் கரையோர ஊர்களில், ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நெல்லும் உளுந்தும் பருத்தியும் தராசில் ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே தலை நரைத்தது. அந்தப் பழக்கத்தில்தான் சொல்கிறேன். 2006-இல் கூட்டுறவுக் கடன் தள்ளுபடியானது. 2016-இல் சிறு, குறு விவசாயிகளுக்குத் தள்ளுபடியானது. 2021-இல் மறுபடி தள்ளுபடியானது. மூன்றும் வேண்டியவைதான், ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடன்தான் போயிற்றே தவிர, அடுத்த போகத்துக்கு விலை சொல்கிற ஆள் மாறவில்லை. கடன் வாங்க வைத்த காரணமும் களத்து மேட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. இரண்டு ஏக்கர்கூட இல்லை. நிலம் வைத்திருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சிறு, குறு விவசாயிகள். இவர்கள் அறுத்த அன்றைக்கே விற்க வேண்டியவர்கள். ஆள் கூலியும் அறுவடை இயந்திர வாடகையும் அன்று மாலையே கேட்பார்கள். எதிரே நிற்கும் வியாபாரிக்கு அவசரம் இல்லை. அவன் வாங்காவிட்டால் அவனுக்கு நட்டமில்லை, இவன் விற்காவிட்டால் இவன் வீட்டில் அடுப்பு எரியாது. இப்படி இருவர் பேசும் பேரத்துக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த மூன்றாவது ஆளைத்தான் நான் சட்டம் என்கிறேன்.

விற்பனைக் கூடம் என்பதே அப்படி வந்ததுதான். 1933-இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் போட்டார்கள். அதற்கு முன்னால் கமிஷன் மண்டியில் எப்படி விலை பேசினார்கள் என்பதை என் அப்பா காலத்து ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தரகரும் வியாபாரியும் ஒரு துண்டுக்கு அடியில் கையை விட்டு விரல்களைப் பிடித்து விலை முடிப்பார்கள். சரக்குக்குச் சொந்தக்காரன் பக்கத்தில் நிற்பான். அவன் சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்பது அவனுக்குத் தெரியாது. அப்புறம் பிடித்தங்கள் தொடங்கும். தரகு, மகிமை, சாம்பிளுக்கு இரண்டு கை, சாக்கு எடைக்குக் கொஞ்சம், தூசிக்குக் கொஞ்சம். மகிமை கோயிலுக்கு என்பார்கள். சாமிக்குத்தானே என்று இவனும் வாயை மூடிக்கொள்வான்.

இன்று நடப்பில் இருப்பது 1987-ஆம் ஆண்டின் வேளாண் விளைபொருள் விற்பனைச் சட்டம். அதன்படி கூடத்துக்கு வரும் விவசாயியிடம் ஒரு பைசா கட்டணம் கிடையாது. நூற்றுக்கு ஒரு ரூபாய் சந்தைக் கட்டணம், அதை வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும். பருத்திக்கு மறைமுக ஏலம். குவியல் குவியலாகச் சரக்கு இருக்கும், வியாபாரிகள் பார்த்துவிட்டுத் தங்கள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டியைத் திறந்து அதிக விலையைப் படிப்போம். இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. அந்த அதிக விலையும் கட்டாது என்றால் விவசாயி மறுக்கலாம். மறுத்தால் சரக்கு அப்படியே இருக்கும், அடுத்த ஏலத்துக்கு வைக்கலாம். நெல், உளுந்து போன்றவற்றைக் கிடங்கில் அடுக்கி, அதன் மதிப்பில் முக்கால் பங்கு வரை பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு விலைக்காகக் காத்திருக்கலாம்.

இரண்டு மூட்டைப் பருத்தியோடு வந்த ஒரு பாட்டியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சீட்டைப் படித்ததும், "இந்த வெலை எனக்குக் கட்டாது தம்பி. மூட்டை அப்படியே கெடக்கட்டும்" என்றார். வியாபாரிகள் சிரித்தார்கள். இரண்டு மூட்டைக்காரி விலை மறுக்கிறாளாம். ஆனால் யாரும் அவரை அதட்டவில்லை, அதட்டவும் முடியாது. அந்தப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சட்டம் என்ற ஒன்று இருப்பதே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். 'மறுக்கலாம்' என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை பக்கம் சட்டம் எழுதினார்கள் என்று எனக்குப் பட்டது.

இதற்காகச் சட்டம் வந்ததும் எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கூடத்துக்கு வராமல் களத்திலேயே விற்றவர்கள் எப்போதும் உண்டு, இன்றைக்கும் உண்டு. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரியே அறுவடைக்கும் வந்து நிற்பார். அவரை மீறி மூட்டையைக் கூடத்துக்கு ஏற்ற முடியாது. கடன்பட்டவனுக்குச் சட்டம் கொடுக்கும் உரிமை காகிதத்தில்தான் இருக்கும். ஆகவே விற்பனைச் சட்டத்தைக் கேட்கிறவர்கள் பயிர்க்கடனையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றொன்று நொண்டும்.

இனி உழவர் சந்தைக்கு வருகிறேன். உள்ளூர் உணவு என்று இப்போது நகரத்துப் பிள்ளைகள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசுகிறார்களே, அதற்கு நம்மூரில் நல்ல உதாரணம் அதுதான். சண்டிகரில் 1987-இல் 'அப்னி மண்டி' தொடங்கினார்கள். ஆந்திராவில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். யோசனை எளிமையானது. விளைவித்தவரே விற்க வேண்டும், இடையில் ஆள் கூடாது. கடைக்கு வாடகை இல்லை, தராசு இலவசம், அரசுப் பேருந்தில் காய்கறிக் கூடைக்குக் கட்டணம் இல்லை. விளைவித்தவர்தானா என்பதை வேளாண் துறையும் கிராம நிர்வாக அலுவலரும் வயலைப் பார்த்துச் சொன்ன பிறகே படம் ஒட்டிய அட்டை.

விலை வைக்கும் முறையைத்தான் நான் வியந்து பார்த்திருக்கிறேன். விடிவதற்கு முன்பே சந்தை ஊழியர்கள் மொத்த மார்க்கெட்டுக்குப் போய் அன்றைய விலையைக் குறித்து வருவார்கள். மொத்த விலைக்கு மேலே ஒரு ஐந்தில் ஒரு பங்கு, வெளிச் சில்லறை விலைக்குக் கீழே நூற்றுக்குப் பதினைந்து என்று கணக்குப் போட்டு, பலகையில் எழுதுவார்கள். கத்தரி இவ்வளவு, வெண்டை இவ்வளவு, கீரைக்கட்டு இவ்வளவு. கொள்ளிடக் கரையில் கத்தரி போட்டவர் கமிஷன் மண்டிக்குப் போனால் கிடைப்பதைவிடக் கூடுதலாக வாங்குகிறார். நகரத்தில் வாங்குகிறவர் கடையில் கொடுப்பதைவிடக் குறைவாகக் கொடுக்கிறார். இருவரும் லாபம் பார்க்கும் வியாபாரம் உலகத்தில் அபூர்வம். (பலகையில் விலை எழுதிப் போட்ட பிறகும் "ஒரு ரூபாய் குறைச்சுக்கம்மா" என்று பேரம் பேசுகிற கனவான்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் இருக்கும் செல்போன் விலையை யாரும் பேரம் பேசி வாங்குவதில்லை.)

அட்டை வேறு, ஆள் வேறாக வியாபாரிகள் உள்ளே நுழைந்த கதைகளும் உண்டு. அதைக் கண்காணிக்க ஊழியர் வேண்டும், ஊழியருக்கு மேலிருந்து அக்கறை வேண்டும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. உழவர் சந்தை ஓர் அரசின் திட்டமாகப் பிறந்தது. 2001-இல் ஆட்சி மாறியது, கவனிப்பு குறைந்தது. பல சந்தைகள் களையிழந்தன. 2006-இல் மறுபடி ஆட்சி மாறியது, சந்தைகளுக்கு மறுபடி வெள்ளையடித்தார்கள். இப்போது மாநிலத்தில் 180-க்கு மேல் இருக்கின்றன. நல்லது. ஆனால் நடுவில் போன அந்த ஆண்டுகளில் கீரைக்கட்டு கொண்டு வந்த பெண்கள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள்? அவர்களுக்கு அதிகாலைப் பேருந்தும் நிழலான மேடையும்தான் தெரியும். யார் ஆரம்பித்த திட்டம் என்பதற்காக அவர்கள் கூடை காத்துக்கிடக்கலாமா? இத்தனை மக்கள்தொகைக்கு ஓர் உழவர் சந்தை, அதற்கான இடத்தை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது, அட்டையை இத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டசபையில் ஒரு சட்டம் நிறைவேறினால், அதைப் பிடிக்காத அரசுகூட ஒதுக்கி வைக்க யோசிக்கும். சட்டத்தை நீக்க வேண்டுமென்றால் சபைக்கு வந்து, எழுந்து நின்று, காரணம் சொல்லித்தான் நீக்க வேண்டும். திட்டத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பணம் ஒதுக்காமல் விட்டாலே போதும், தானாகப் பட்டுப்போகும்.

அட்டை என்றதும் குத்தகைக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் உழுகிறவர் ஒருவர், பட்டாவில் பெயர் உள்ளவர் ஒருவர். பட்டாக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். குத்தகை எல்லாம் வாய்ப்பேச்சு. வெள்ளத்தில் பயிர் மூழ்கினால் நிவாரணம் யார் பெயரில் வரும்? பயிர்க்காப்பீடு யார் கட்டுவது? உழவர் சந்தை அட்டைக்கு எந்த அடங்கலைக் காட்டுவது? 1955-இல் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் வந்தது. இரண்டும் பெரிய காரியங்கள். போராடி, அடிபட்டு வாங்கியவை. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறினால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரர்கள் பயப்படுகிறார்கள். பதிவு என்று வாயெடுத்தால் அடுத்த வருடம் குத்தகை கிடைக்காது என்று உழுகிறவர் பயப்படுகிறார். இரண்டு பயத்துக்கும் நடுவில் பதிவேடு காலியாகக் கிடக்கிறது.

இந்தச் சிக்கலை ஆந்திரக்காரர்கள் ஒரு வழியில் அவிழ்க்கப் பார்த்தார்கள். 2019-இல் அங்கே பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டு வந்தார்கள். நிலத்தின் உரிமைக்கு ஒரு பங்கமும் வராது, பதினோரு மாதத்துக்குப் பயிரின்மேல் மட்டும் உரிமை, அதற்கு ஓர் அட்டை, அட்டையைக் காட்டினால் கடனும் நிவாரணமும் காப்பீடும். அருமையான ஏற்பாடு. ஆனால் அட்டை வாங்க நிலக்காரரின் கையெழுத்து வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள். கையெழுத்துப் போட மறுத்தவர்கள் ஏராளம். நல்ல நோக்கத்தோடு எழுதிய சட்டம் அந்த ஒரு வரியில் தடுக்கி விழுந்தது. ஆகவே ஒரு சட்டத்தை ஆதரிக்கிறோம் என்று கொடி பிடிக்கும் முன் அதன் பிரிவுகளைப் படியுங்கள் என்று இளையவர்களிடம் நான் சொல்வதுண்டு. தலைப்பு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். யார் கையெழுத்து, எத்தனை நாளுக்குள், மறுத்தால் எங்கே முறையிடுவது என்பது உள்ளே ஏதோ ஒரு மூலையில் இருக்கும்.

எங்கள் டெல்டாவின் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் நெடுவாசலில் மக்கள் உட்கார்ந்தார்கள், கதிராமங்கலத்தில் உட்கார்ந்தார்கள். எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் வேண்டாம் என்பது கோரிக்கை. 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் சட்டசபையில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் உள்ளே வந்தன. புதிய எண்ணெய் எரிவாயுத் தோண்டல், தோல் பதனிடும் ஆலை, தாமிர உருக்காலை, கப்பல் உடைக்கும் தளம் என்று எவையெல்லாம் கூடாது என்பதை அட்டவணை போட்டு எழுதினார்கள். குறைகள் உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றை அது தொடவில்லை. திருச்சியும் அரியலூரும் கரூரும் வெளியே நின்றன. அப்போது பலர் இதைக் கண்துடைப்பு என்றார்கள்.

மூன்று வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று பெயர்கள் இருந்தது தெரியவந்தது. டெல்டா கொதித்தது. மாநில முதலமைச்சர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டிக்காட்டினார். சட்டத்தைக் கொண்டு வந்தது ஒரு கட்சி, அதைக் கேடயமாகப் பிடித்தது எதிர்க்கட்சியாக இருந்து ஆட்சிக்கு வந்த இன்னொரு கட்சி. இது எனக்குப் பிடித்த காட்சி. சில நாட்களிலேயே மூன்று இடங்களும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மக்கள் எதிர்ப்பு இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் எதிர்ப்பவர்களின் கையில் சட்டம் ஒன்றும் இருந்ததால் கேட்பது கெஞ்சலாக இல்லாமல் உரிமையாக இருந்தது. கண்துடைப்பு என்று சொன்ன நண்பர்களிடம் நான் இதைச் சொல்லிக் காட்டாமல் இருந்ததில்லை.

நிலத்தைக் காத்தாயிற்று, விளைந்ததை யார் வாங்குவார்கள்? அரசாங்கமே பெரிய வாடிக்கையாளர்தான். காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு, அரசு விடுதிகள், மருத்துவமனைகள், அங்கன்வாடிகள் என்று தினமும் எத்தனை லட்சம் இலைகளுக்கு அரசு சமைக்கிறது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வருகின்றன. காய்கறியை அமைப்பாளர்கள் தங்களுக்கு ஒதுக்கிய சொற்பப் பணத்தில் பக்கத்துக் கடையில் வாங்குகிறார்கள். அந்தக் கடைக்குக் காய் எங்கிருந்தோ லாரியில் வந்திருக்கும். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கத்தரித் தோட்டம் இருக்கும், விலை இல்லை என்று செடியிலேயே முற்ற விட்டிருப்பார்கள்.

பிரேசில் நாட்டில் 2009-இல் 11,947-ஆம் எண் சட்டம் ஒன்று போட்டார்கள். பள்ளி உணவுக்கு மத்திய நிதியிலிருந்து வரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டுக்குக் குடும்ப விவசாயிகளிடமிருந்து நேரடியாக வாங்க வேண்டும் என்றது அது. 'முடிந்தவரை உள்ளூரில் வாங்குக' என்று எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள். முப்பது என்று எண்ணைப் போட்டால் அதிகாரி கணக்குக் காட்டியாக வேண்டும். நம் பக்கத்திலும் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதை விவசாயிகளிடமே கொள்முதல் செய்தார்கள். கேரளத்தில் 2020 நவம்பர் முதல் பதினாறு காய்கனிகளுக்கு அடிப்படை விலை வைத்தார்கள், மரவள்ளிக்குக் கிலோ 12 ரூபாய் என்று. இவையெல்லாம் நல்ல தொடக்கங்கள்தான். ஆனால் இவையும் திட்டங்கள். அதிகாரியும் அமைச்சரும் மாறும்போது என்ன ஆகும் என்று உழவர் சந்தை சொல்லிவிட்டது.

சட்டசபையில் மேசையைத் தட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆளுநரின் ஒப்புதல் வேண்டும், கெசட்டில் வர வேண்டும், அப்புறம் விதிகள் எழுத வேண்டும். விதிகள் வராத சட்டம் கதவு வைக்காத வீடு. அந்த இடைவெளியில்தான் ஊர் மறந்துவிடுகிறது, பத்திரிகை வேறு செய்திக்குப் போய்விடுகிறது. போராடிய பிள்ளைகள் பிழைப்பைப் பார்க்க திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். என்னைப் போன்ற கிழவர்களுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. நமக்கு நேரம் இருக்கிறது. தாலுகா அலுவலகத்து பெஞ்சில் உட்கார வெட்கமில்லை. மாதாமாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுந்து, "அந்த விதி வந்துடுச்சுங்களா சார்?" என்று கேட்க நம்மால் முடியும். போன மாதம் கேட்டதையே இந்த மாதமும் கேட்டால் அவர்களுக்கு அலுப்புத் தட்டும். தட்டட்டும்.

நகரத்தில் இருக்கும் வாசகருக்கும் இதில் பங்கு உண்டு. சாப்பிடுகிறவர்கள் பேசாத உணவுச் சட்டம் விவசாயி பேசி நிற்காது. எண்ணிக்கையில் நீங்கள்தான் அதிகம். உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்குக் குடிநீர், சாலை, சாக்கடை பற்றி எழுதுகிறீர்கள். அடுத்த முறை எழுதும்போது, உங்கள் பகுதி உழவர் சந்தைக்குச் சட்டப் பாதுகாப்பும், பள்ளி உணவுக்கு உள்ளூர்க் கொள்முதலும் கேட்டு இரண்டு வரி சேருங்கள். ஊரில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் இருக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே தீர்மானப் புத்தகம் திறந்திருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்க எழுந்து போகாதீர்கள். வாய்மொழிக் குத்தகைக்காரருக்கு நிலக்காரர் கையெழுத்து இல்லாமலே சாகுபடி அட்டை, சத்துணவுக் காய்கறியில் மூன்றில் ஒரு பங்கு நம் ஒன்றியத்திலிருந்து என்று இரண்டு தீர்மானங்களை எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நகல் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.